செருகுநிரல் கலைச்சொற்கள்: தாமதம் வேறு, சுணக்கம் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இளைஞர் பக்கத்தில், ஒலித்தயாரிப்பு மென்பொருள்களுக்குச் செருகுநிரல் எழுத விரும்புவோருக்கான கலைச்சொல் பட்டியல் ஒன்று வெளியாகியிருந்தது. தமிழ் நாளிதழ் ஒன்று இந்தத் துறைக்கு அரைப்பக்கம் ஒதுக்கியதை நான் இதற்கு முன் கண்டதில்லை. அதற்காக முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். கோத்தகிரியில் பதினைந்து ஆண்டுகளாகச் சிறிய ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றை நடத்தி வருகிறேன். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை தகரக் கூரையில் விழத் தொடங்கிவிட்டால் எங்கள் கூடத்தில் பாட்டுப் பதிவு நடக்காது. அந்த வாரங்களில் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வரும் கல்லூரி மாணவர்கள் ஐந்தாறு பேருக்குச் செருகுநிரல் எழுதும் முறையைத் தமிழில் சொல்லித் தருகிறேன். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிப்படிப்பைத் தமிழ் வழியில் முடித்தவர்கள். ஒரு கலைச்சொல் பிழையாக அமைந்துவிட்டால் அது எழுதப்படும் நிரலில் எங்கே போய் முடிகிறது என்பதை அவர்களோடு உட்கார்ந்து நேரில் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவமே இக்கடிதத்தை எழுதத் தூண்டியது.

தங்கள் பட்டியலில் உள்ள சொற்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே அகராதியில் தேடி எடுக்கப்பட்டவை போலத் தோன்றுகின்றன. செருகுநிரல் துறையின் சொற்களை அவ்வாறு எடுக்க இயலாது. இத்துறையில் இரண்டு நிரல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. பாட்டைப் பதிவு செய்து, தடங்களை அடுக்கி, கலவை செய்யும் பெரிய மென்பொருள் ஒன்று. அதற்குள் புகுந்து எதிர்முழக்கமோ, ஒலிவடிப்போ, ஓர் இசைக்கருவியின் ஒலியோ தரும் சிறிய நிரல் மற்றொன்று. முன்னதை ஹோஸ்ட் என்றும் பின்னதை பிளகின் என்றும் எங்கள் கூடத்தில் சொல்கிறோம். பிளகினுக்குச் செருகுநிரல் என்ற சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. தங்கள் பட்டியலும் அதையே தருகிறது. ஆனால் ஹோஸ்டுக்கு ‘விருந்தளிப்பவர்’ என்று பட்டியல் சொல்வது ஒரு மென்பொருளுக்குப் பொருந்தவில்லை. உயிரியல் பாடத்தில் ஒட்டுண்ணிக்கு இடங்கொடுக்கும் உயிரை ஓம்புயிரி என்று நம் மாணவர்கள் படிக்கிறார்கள். அதே வழியில் ‘ஓம்புநிரல்’ என்று சொன்னால், செருகுநிரல் என்ற சொல்லோடு அது ஓசையிலும் பொருளிலும் இணைந்து நிற்கும். இனி இக்கடிதத்தில் அச்சொல்லையே பயன்படுத்துகிறேன்.

இந்த இரண்டு நிரல்களும் பேசிக்கொள்வதற்கான ஒப்பந்தம் ஒன்றல்ல. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து ஸ்டைன்பர்க் நிறுவனம் 1996-ஆம் ஆண்டு தன் கியூபேஸ் மென்பொருளோடு விஎஸ்டி என்ற முறையைக் கொண்டுவந்தது. 1999-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு, செருகுநிரல் மிடி செய்திகளை, அதாவது எந்த ஸ்வரம் எப்போது ஒலிக்க வேண்டும் என்று இசைக்கருவிகளும் கணினியும் பரிமாறிக்கொள்ளும் செய்திகளை, பெற வழிசெய்தது. 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பு உள்ளமைப்பையே மாற்றியது. ஆப்பிளுக்கு ஆடியோ யூனிட் என்றும், அவிட் நிறுவனத்தின் புரோ டூல்ஸுக்கு ஏஏஎக்ஸ் என்றும் தனித்தனி முறைகள் உள்ளன. லினக்ஸ் பயன்படுத்துவோரிடையே எல்வி2 வழங்குகிறது. 2022-இல் கிளாப் என்ற திறந்த முறையும் சேர்ந்துகொண்டது. பெயர்கள் முறைக்கு முறை மாறினாலும் உள்ளே இருக்கும் கருத்துகள் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே ஆங்கிலச் சொல்லைப் பெயர்ப்பதைவிட, அந்தக் கருத்து என்ன வேலை செய்கிறது என்று பார்த்துச் சொல் அமைப்பதே எல்லா முறைகளுக்கும் பொருந்தும்.

என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்தது ‘தாமதம்’ என்ற சொல். பட்டியலில் லேட்டன்சி, டிலே என்ற இரண்டுக்கும் இந்த ஒரே சொல் தரப்பட்டுள்ளது. இவை இரண்டும் முற்றிலும் வேறானவை. டிலே என்பது பாடகரின் குரல் சற்றுப் பின்னால் மறுபடி ஒலிக்க வேண்டும் என்று நாமே விரும்பிச் சேர்க்கும் விளைவு. லேட்டன்சி என்பது கணக்கிடுவதற்காகச் செருகுநிரல் எடுத்துக்கொள்ளும், நாம் விரும்பாத காலம். எடுத்துக்காட்டாக, ஒலி திடீரென ஏறிவிடாமல் தடுக்கும் நிரல் ஒன்று, வரப்போகும் ஒலியை 5 மில்லிநொடி முன்னதாகவே பார்த்துக்கொள்ள விரும்பினால், உள்ளே வரும் ஒலியை அவ்வளவு நேரம் பிடித்து வைத்துத்தான் வெளியே விட முடியும். கணினி ஒலியை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக வைக்கிறது; அந்த எண் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வீதத்தில் அது 240 மாதிரிகள். இந்த எண்ணிக்கையைச் செருகுநிரல் ஓம்புநிரலிடம் தெரிவிக்க வேண்டும். ஓம்புநிரல் மற்ற தடங்கள் அனைத்தையும் அதே 240 மாதிரிகள் பின்தள்ளி எல்லாவற்றையும் ஒரே தாளத்தில் நிறுத்தும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாணவர் ஒருவர் எதிரொலி நிரல் ஒன்று எழுதினார். வேறொரு பயிற்சி நிலையம் தந்த தமிழ்க் கையேட்டில், ‘செருகுநிரல் தன் தாமதத்தை ஓம்பும் மென்பொருளுக்குத் தெரிவிக்க வேண்டும்’ என்று படித்திருந்த அவர், குரல் 300 மில்லிநொடி கழித்து மறுபடி ஒலிக்கும்படி அமைத்துவிட்டு, அந்த 300 மில்லிநொடியையே, அதாவது 14,400 மாதிரிகளையே, ஓம்புநிரலுக்கு அறிவித்துவிட்டார். ஓம்புநிரல் அதை நம்பி மற்றத் தடங்கள் எல்லாவற்றையும் 14,400 மாதிரிகள் பின்தள்ளியது. நாங்கள் பதிவு செய்திருந்த படுகர் பாடலில் தாளம் பின்னால் போய்விட, பாடியவரின் குரல் முந்திக்கொண்டு தனியே வந்தது. அவருடைய எதிரொலிதான் தாளத்தோடு சேர்ந்தது. காரணம் தெரியாமல் அந்த மாணவர் மூன்று நாள்கள் தன் நிரலின் கணக்கைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். கணக்கில் பிழையே இல்லை. சொல் இரண்டையும் ஒன்றாக்கியதுதான் பிழை. அவர் படித்தபடிதான் செய்தார் என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

லேட்டன்சிக்குச் ‘சுணக்கம்’ என்று சொல்லலாம். வேலை சுணங்குகிறது என்று நாம் வழக்கமாகச் சொல்கிறோம். அதில் விரும்பாத இழுபறி என்ற பொருள் தானாகவே அடங்கியிருக்கிறது. டிலேக்குத் ‘தாமதம்’ இருக்கட்டும். ‘செருகுநிரல் தன் சுணக்கத்தைத் தெரிவிக்க வேண்டும்’ என்று அந்தக் கையேட்டில் இருந்திருந்தால் எங்கள் மாணவர் தவறியிருக்க மாட்டார். இவற்றோடு சேர்த்து மூன்றாவதாக ஒன்றையும் பிரித்துக் காட்ட வேண்டும். ஒலி நின்ற பிறகும் எதிர்முழக்க நிரல் சில நொடிகள் ஒலித்துக்கொண்டிருக்கும். பாட்டைக் கோப்பாக்கும்போது ஓம்புநிரல் அதை நடுவில் வெட்டிவிடாமல் இருக்க, அந்த நீளத்தையும் செருகுநிரல் தெரிவிக்க வேண்டும். பட்டியலில் இதற்கு ‘வால்’ என்று இருக்கிறது. ‘எஞ்சொலி’ என்றால் விளக்கமே தேவையில்லை.

அடுத்தது ‘தாங்கல்’. பஃபர் என்பதற்கு இச்சொல் வேதியியலிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. தாங்கல் கரைசல் என்பது அமிலமோ காரமோ சிறிதளவு சேர்ந்தாலும் தன் தன்மை மாறாமல் எதிர்த்து நிற்கும் கரைசல். ஒலி நிரலில் பஃபர் எதையும் எதிர்த்து நிற்பதில்லை. எண்களைச் சிறிது நேரம் வைத்திருக்கும் இடம் மட்டுமே. கணினித் தமிழில் வழங்கும் ‘இடையகம்’ போதும். அதில் நிரப்பித் தரப்படும் ஒரு கட்டு மாதிரிகளைத் ‘தொகுதி’ என்கிறோம். எங்கள் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. தேயிலைத் தொழிற்சாலைக்குள் இலை ஒவ்வொன்றாக வருவதில்லை. எடை போடப்பட்டு மூட்டை மூட்டையாக வருகிறது. ஒலியும் அப்படித்தான். ஓம்புநிரல் 512 மாதிரிகளை ஒரு தொகுதியாகக் கொடுத்தால், 48,000 வீதத்தில் அடுத்த தொகுதி வருவதற்கு 10.67 மில்லிநொடி இருக்கிறது. அதற்குள் இந்தத் தொகுதியின் வேலை முடிந்தாக வேண்டும். முடியாவிட்டால் காதில் ‘படக்’ என்ற வெட்டு கேட்கும். இந்த 10.67 மில்லிநொடியில் காற்றில் ஒலி ஏறக்குறைய மூன்றரை மீட்டர் செல்லும். அதாவது ஹெட்போனில் தன் குரலைக் கேட்டுக்கொண்டே பாடுகிறவருக்கு, ஒரு தொகுதி அளவு சுணக்கமே அந்தக் குரல் அறையின் மறுகோடியிலிருந்து வருவது போன்றது. மாணவர்களிடம் இதைச் சொன்ன நாளிலிருந்து அவர்கள் தொகுதி அளவைக் கவனமின்றி வைப்பதில்லை.

எல்லாத் தொகுதிகளும் ஒரே அளவில் வரும் என்று எண்ணிவிடவும் கூடாது. ஓம்புநிரல் முதலில் அறிவிப்பது பெரும அளவை மட்டுமே. அதற்குக் குறைவாக எத்தனை மாதிரிகள் வந்தாலும் செருகுநிரல் ஏற்க வேண்டும். விஎஸ்டி மூன்றாம் பதிப்பில் ஒரு மாதிரிகூட இல்லாத அழைப்பும் வரலாம். பயனர் திரையில் திருப்பும் குமிழ்களின் மதிப்பு மாற்றங்களை மட்டும் சொல்லிவிட்டுப் போவதற்காக அது வருகிறது. தங்கள் பட்டியல் ‘தொகுதி அளவு’ என்று மட்டும் சொல்கிறது. ‘தொகுதியின் பெரும அளவு’ என்று இருப்பதே சரி.

தொகுதியைக் கையாளும் த்ரெட், அதாவது நிரலுக்குள் மற்றவற்றோடு ஒரே நேரத்தில் ஓடும் வேலைத்தொடர், என்பதற்குப் பட்டியலில் ‘நூல்’ என்று இருக்கிறது. புத்தகத்தையும் நூல் என்பதால் ‘இழை’ என்பது நல்லது. ஒலி இழையில் நினைவகம் புதிதாகக் கேட்கக் கூடாது, கோப்பைத் திறக்கக் கூடாது, மற்றோர் இழை வைத்திருக்கும் பூட்டு விடுபடும் என்று காத்திருக்கவும் கூடாது. இவை எப்போது முடியும் என்று உறுதி சொல்ல முடியாதவை. சொல்லைத் தருகிறபோதே இந்த விதியையும் ஒரு வரியில் சேர்த்துத் தந்திருந்தால் படிப்பவர்களுக்குப் பெரிதும் உதவியிருக்கும்.

கடிதத்தின் இன்னொரு முக்கியச் செய்திக்கு வருகிறேன். குமிழைத் திருப்பிப் பயனர் மாற்றும் மதிப்பான பாராமீட்டர் என்பதற்கு ‘அளபுரு’ என்று பட்டியல் தருவதில் எனக்கு உடன்பாடே. ஆனால் நார்மலைஸ்ட் என்பதற்கு ‘இயல்பு மதிப்பு’ என்று தந்திருப்பது மிகப் பெரிய குழப்பத்துக்கு இடமளிக்கிறது. விஎஸ்டி மூன்றாம் பதிப்பில் எந்த அளபுருவானாலும், அது அதிர்வெண்ணாக இருந்தாலும் டெசிபலாக இருந்தாலும், ஓம்புநிரலும் செருகுநிரலும் அதை 0-இலிருந்து 1 வரையுள்ள எண்ணாகவே பரிமாறிக்கொள்கின்றன. இதற்கும் இயல்புக்கும் தொடர்பில்லை. மேலும் டிஃபால்ட் என்பதைக் கணினித் தமிழில் ‘இயல்புநிலை’ என்று ஏற்கெனவே வழங்குகிறோம். இரண்டு சொற்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் புதிதாகக் கற்பவர் என்ன செய்வார்? எங்கள் கூடத்திலேயே ஒருவர், ஓம்புநிரல் ஓர் அளபுருவின் மதிப்பைக் கேட்கும்போதெல்லாம் அதன் இயல்புநிலை மதிப்பைத் திருப்பித் தரும்படி எழுதிவிட்டார். பாட்டைத் திறந்து பார்த்தபோது திரையில் எல்லாக் குமிழ்களும் தொடக்க இடத்தில் இருந்தன. முந்தைய நாள் மாலை முழுதும் உட்கார்ந்து காதால் கேட்டுக் கேட்டு வைத்த இடங்களில் ஒன்றும் இல்லை.

இதற்கு ‘ஓரலகு மதிப்பு’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். 0-இலிருந்து 1 வரை என்பது அதிலேயே அடங்கியிருக்கிறது. இந்த ஓரலகு மதிப்பிலிருந்து உண்மையான மதிப்புக்குப் போகும் வழியைச் செருகுநிரல் எழுதுபவர்தான் தீர்மானிக்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒலிவடிப்பானின் குமிழ் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை போவதாகக் கொள்வோம். நேர்கோட்டு முறையில் பிரித்தால் 0.5 என்ற நடு இடத்தில் 10,010 ஹெர்ட்ஸ் வரும். பேச்சுக்கும் பாட்டுக்கும் உயிரான பகுதி முழுவதும் குமிழின் தொடக்கத்தில் நெருக்கப்பட்டு, விரலால் தொட்டு நிறுத்தவே முடியாமல் போகும். மடக்கை முறையில் பிரித்தால் அதே நடு இடத்தில் ஏறக்குறைய 632 ஹெர்ட்ஸ் வரும். ஸ்தாயிக்கு ஸ்தாயி அதிர்வெண் இரட்டிக்கிறது என்பதை அறிந்த நம் இசை மாணவர்களுக்கு இந்த இரண்டாம் முறை ஏன் காதுக்கு இசைகிறது என்பது உடனே புரிகிறது.

பிராசஸர், கன்ட்ரோலர் ஆகிய இரண்டு சொற்களும் திருத்தப்பட வேண்டியவையே. முதலாவதைச் ‘செயலி’ என்று தந்திருக்கிறீர்கள். கணினியின் மையச் சில்லுக்கு அது பழைய பெயர். இன்று கைப்பேசியில் நிறுவும் ஆப்பையும் செயலி என்றே எல்லோரும் சொல்கிறார்கள். மூன்றாவது பொருள் ஒன்றையும் அந்தச் சொல்லின்மீது ஏற்றக் கூடாது. விஎஸ்டி மூன்றாம் பதிப்பின் தனிச்சிறப்பே செருகுநிரலை இரண்டாகப் பிரித்ததுதான். ஒலியைக் கணக்கிடும் பகுதி ஒன்று. திரையில் குமிழ்களைக் காட்டி, பயனர் திருப்புவதை ஓம்புநிரலுக்குச் சொல்லும் பகுதி மற்றொன்று. இவற்றைக் ‘கணிப்புப் பகுதி’, ‘முகப்புப் பகுதி’ என்று சொல்லிப் பார்க்கிறோம்; இதைவிடச் சிறந்த சொற்கள் எவரிடமாவது இருந்தால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வோம். இரண்டும் ஒரே நினைவகத்தில் இருக்கும் என்று நம்பி ஒன்று மற்றொன்றின் உள்ளே கைநீட்டி எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லாச் செய்தியும் ஓம்புநிரல் வழியாகத்தான் போக வேண்டும். அப்படிப் போகும்போதுதான் ஒரு குமிழ் திரும்பியது தொகுதியின் எத்தனையாவது மாதிரியில் என்ற துல்லியத்தோடு கணிப்புப் பகுதிக்குத் தெரிகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒலி செருகுநிரலுக்குள் வந்துபோகும் வழியான பஸ் என்பதற்குப் ‘பேருந்து’ என்று அச்சாகியிருப்பது தட்டச்சில் நேர்ந்த பிழையாக இருக்கலாம். கணினி அறிவியல் பாடத்தில் தரவுப் பாட்டை, முகவரிப் பாட்டை என்று மாணவர்கள் படித்திருப்பதால் ‘பாட்டை’ என்றும், செருகுநிரலை இயக்குவதற்காக வேறொரு தடத்திலிருந்து வரும் சைட்செயின் ஒலியின் வழியைத் ‘துணைப் பாட்டை’ என்றும் சொல்லலாம். கெயின் என்பது ‘ஆதாயம்’ ஆகாது, ‘பெருக்கம்’. அங்கே உண்மையாகவே ஒவ்வொரு மாதிரியும் ஓர் எண்ணால் பெருக்கப்படுகிறது, 2-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 6 டெசிபல் கூடுகிறது. ‘மாதிரி’ என்ற சொல் பாடநூல்களில் நிலைத்துவிட்டதால் அதை மாற்ற வேண்டாம். ஆனால் சாம்பிளர் கருவியில் ஏற்றும் பதிவுசெய்த ஒலியையும் மாதிரி என்று எழுதாமல் ‘ஒலித்துணுக்கு’ என்று எழுதினால் இரண்டும் கலக்காது. பிரீசெட்டுக்கு, அதாவது சேமித்து வைத்த குமிழ் அமைப்புக்கு, ‘முன்னமைவு’ நன்றாக இருக்கிறது.

நான் ஆங்கிலச் சொற்களே இருக்கட்டும் என்று வாதிடுபவன் அல்லன். எங்கள் கூடத்தில் பேச்சில் பிளகின், லேட்டன்சி, பஃபர் என்றுதான் வருகின்றன. அதை மறைக்கவும் இல்லை. ஆனால் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் ஒரு தோட்டத் தொழிலாளியின் மகள், ‘சுணக்கம்’ என்று சொன்னவுடன் தலையசைத்துவிட்டு விசைப்பலகையின் பக்கம் திரும்பியதையும், அதே பொருளை ஆங்கிலச் சொல்லால் விளக்கியபோது அரைமணி நேரம் அமைதியாக உட்கார்ந்திருந்ததையும் பார்த்தவன் நான். நல்ல தமிழ்ச்சொல் அவ்வளவு வேலை செய்கிறது. அதனால்தான் பிழையான தமிழ்ச்சொல்லைக் கடன்சொல்லைவிடக் கெடுதலானதாகக் கருதுகிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மிடி பற்றிய சொற்கள் வெளிவரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அப்பகுதி அச்சேறும் முன் இரண்டு சொற்களை மட்டும் பார்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். மிடியில் நோட் என்பது ‘குறிப்பு’ அன்று, ‘ஸ்வரம்’. வெலாசிட்டி என்பது இயற்பியலில் வரும் ‘திசைவேகம்’ அன்று. கட்டையை எவ்வளவு விரைந்து அழுத்தினார்கள் என்பதைக் காட்டும் எண் அது, 0-இலிருந்து 127 வரை வரும். ‘அழுத்த விசை’ என்று எழுதினால் கட்டையை அழுத்திய பிறகு தொடர்ந்து கொடுக்கும் அழுத்தத்தோடு குழம்பும் என்பதால் ‘அழுத்து வேகம்’ என்று நாங்கள் எழுதிவருகிறோம். ஸ்வரம் தொடங்கும் செய்தியில் இந்த எண் 0-ஆக வந்தால் அந்த ஸ்வரம் நிற்க வேண்டும் என்று பொருள் என்பதையும் அதே இடத்தில் ஒரு வரி சேர்த்து வெளியிடுவீர்களானால், நிற்காமல் ஒலித்துக்கொண்டேயிருக்கும் ஸ்வரத்தோடு போராடும் மாணவர்கள் பலருக்கு உதவியாக இருக்கும்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகர் ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.